அடுப்படியில் வைத்த பெட்டி

ஐயா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ நன்றாக இருப்பதை வீடியோவிலேயே பார்த்துவிட்டேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நீலக் கோட்டு உனக்கு எடுப்பாக இருக்கிறது. பின்னால் ஜன்னலுக்கு வெளியே கூரை, கார், மரம் எல்லாவற்றின் மேலும் பனி கொட்டிக் கிடக்கிறது. கனடாவுக்குப் போய் முதல் குளிர்காலம், பிள்ளை என்ன பாடுபடுகிறானோ என்று நாரணாபுரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் கவலைப்பட்டதெல்லாம் வீண் என்று தெரிந்தது. வீடியோவை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாய். உன் கூட்டாளிகள் அதை எடுத்துச் சிவகாசிப் பட்டாசுக்காரர்கள் குரூப் ஒன்று விடாமல் தள்ளிவிட்டார்கள். ஊரே பார்த்தது. ஆகவே நானும் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் தனியாக அனுப்பவில்லை. அதே குரூப்பில், எல்லாரும் படிக்கிற மாதிரி போடுகிறேன். போனில் தட்டித் தட்டி எழுதுவதால் அங்கங்கே பிழை இருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் வீடியோவைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு மனசு வராது. குளிர்காலத்தில் எலெக்ட்ரானிக் சாமான்களை எப்படிக் காப்பாற்றுவது என்று நீ சொன்னதெல்லாம் எனக்கே புரிந்தது. வெளியே போகும்போது போனைக் கைப்பையில் போடக் கூடாது, உடம்புச் சூடு படுகிற மாதிரி உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும். சார்ஜ் நிறையக் காட்டினாலும் குளிரில் போன் திடீரென்று அணைந்துபோகும், அதற்காகப் பதறக் கூடாது, கதகதப்பில் இருந்தால் தானாக உயிர் வரும். ஜில்லிட்டுக் கிடக்கிற பேட்டரிக்கு உடனே சார்ஜ் போட்டால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். லேப்டாப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, குளிரில் கிடந்த சாமானைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் ஆன் பண்ணக் கூடாது. பிரிட்ஜில் இருந்து எடுத்த சொம்பு வேர்க்கிற மாதிரி அதுவும் வேர்க்கும். வெளியே வேர்ப்பதைத் துடைத்துவிடலாம், உள்ளே வேர்ப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் குளிரில் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி உள்ளே கொண்டுவந்து, ஜில்லிப்பு முழுக்கப் போகும்வரை பையைப் பிரிக்காமல் காத்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் பைக்கு மேல்தான் கோத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைப்பது இருப்பதிலேயே மோசம். எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாய்! பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் கூட இவ்வளவு பக்குவமாகச் சொல்வதில்லை.

குரூப்பில் ஆளாளுக்குக் கைதட்டினார்கள். உன் சித்தப்பா 'நம்ம குடும்பத்து விஞ்ஞானி' என்று போட்டார். நானும் கைதட்டுகிற படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வீடியோவின் கடைசிப் பகுதி வந்தது. "இதெல்லாம் தெரியாததால என் கண்ணு முன்னாடியே ஒரு ஆக்சிடென்ட் நடந்துச்சு. வடக்க, ஒரு மலை ஊர்ல, கல்யாண ஷோ. குளிர்ல இருந்த பெட்டிய அடுப்புகிட்ட வச்சுச் சூடாக்கியிருக்காங்க. உள்ள ஈரம் கோத்துருச்சு. அது தெரியாம, ட்ரெய்னிங் இல்லாத ஒரு ஹெல்பர், யாரையும் கேக்காம ஆன் பண்ணிட்டு வயர்ல கை வச்சுட்டாரு. பாவம், அவருக்கு ஒரு கண்ணு போயிருச்சு. விவரம் தெரியாதவங்கள இந்த வேலையில விடவே கூடாது" என்றாய். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டாய். பிறகு நன்றி, வணக்கம்.

நம் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமக்களும் சம்பந்திமாரும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியட்டும். அந்த ஹெல்பர் என் கூடப்பிறந்த தம்பி பால்பாண்டி. உனக்குத் தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினார்கள். நீ கத்திய கத்தில் உன்னைவிட அதிகமாக அழுதவன் அவன். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மருந்து இருக்கிற அறைக்குள் போகும் முன்னால் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா, அந்தப் பழக்கம் முற்றிப்போய் நம் வீட்டுக்குச் சோறு தின்ன வந்தாலும் வாசல் கிரில் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவான். "எங்க வீட்ல என்னலே வெடிக்கப் போகுது?" என்று நான் கேலி பண்ணுவேன். "ஒன் வாய் இருக்குல்லக்கா" என்பான். நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று, நைலான் சட்டை போட்ட ஆளைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறவன். அவனுக்கு ட்ரெய்னிங் இல்லை என்று நீ சொல்கிறாய்.

அவன் உன்னோடு வந்ததே என்னால்தான். நீ படிப்பை முடித்துவிட்டு, அப்பாவின் மொத்த வியாபாரக் கடையில் உட்கார மாட்டேன், வடக்கே கல்யாணங்களில் வாணவேடிக்கை ஷோ நடத்துவேன் என்று நின்றாய். தீக்குச்சி கொளுத்தித் திரியில் வைக்கிற காலம் போய்விட்டது, இனி எல்லாம் பெட்டிதான் என்று ஒரு பெட்டியையும் வாங்கிவந்து கூடத்தில் வைத்து எங்களுக்கு விளக்கினாய். பெட்டியிலிருந்து வயர்கள் போகும், ஒவ்வொரு வயரும் ஒரு குழாயில் இருக்கிற வெடியில் முடியும், தூரத்தில் நின்று ரிமோட்டை அழுத்தினால் அந்த வெடி மேலே போகும். பெட்டிக்கு ஒரு சாவி உண்டு, சாவி போட்டால்தான் அதற்குக் கரண்ட் வரும். குழாய்கள் பக்கம் ஆள் போக வேண்டுமானால் சாவி உருவப்பட்டு உன் கையில் இருக்க வேண்டும். அன்றைக்குக் கூடத்தில் நீ சொன்னது இது. எனக்கு அந்தச் சாவியைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. அடுத்த நாளே பால்பாண்டியைக் கூப்பிட்டு, "கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு இவன்கூடப் போயிட்டு வாலே. சின்னப்பய, வேகம் சாஸ்தி" என்றேன். அவன் அன்றைக்கே லீவு சொன்னான். கம்பளித் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

ஷோ நடக்க வேண்டிய அன்றைக்கு மத்தியானம் நீ எனக்குப் போன் பண்ணினாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "இங்கன எம்புட்டுக் குளிருங்கிற! லோடு லாரில கெடந்து பெட்டியெல்லாம் ஐஸ்கட்டி ஆயிருச்சும்மா. பேட்டரி படுத்துருமோன்னு பயந்துட்டேன். சமையல் பந்தல்ல அடுப்புக்குப் பக்கத்துல நானே கொண்டுபோய் வச்சுட்டேன். இப்ப நல்லாக் கதகதன்னு இருக்கு. மேல கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, தொடச்சுட்டேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல வேலை செஞ்சய்யா. நல்லாக் காயட்டும்" என்றேன்.

இதை நான் சொன்னதற்காக என்னை யாரும் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நமக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் மேலே இருந்து விழுகிற தண்ணீர். மேகம் கறுத்தால் வெடிமருந்துக்குத் தார்ப்பாய் போடத் தெரியும். காயப் போட்ட சரக்கை ஓடி ஓடி அள்ளத் தெரியும். நமத்துப்போனால் வெயிலில் வைக்கத் தெரியும். சூடு என்றாலே நமக்குக் காய்வதுதான். சூடு காட்டினால் ஒரு பொருள் ஈரமாகும் என்று இந்த மண்ணில் எவனுக்குத் தோன்றும்? நம் பிழைப்பே இந்த ஊரின் வறட்சியில் நடப்பது. பால் கொதிக்கிற, சோறு வடிக்கிற அடுப்பு அது. அந்த ஆவியெல்லாம் ஜில்லிட்டுப்போன பெட்டிக்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக ஒட்டிக்கொள்ளும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதற்காக எழுதுவதாக இருந்தால் என்னைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

சாயங்காலம் மறுபடியும் உன் போன் வந்தது. மாமாவுக்கு அடிபட்டுவிட்டது என்றாய். எப்படி என்று கேட்டதற்கு, "மாமா சொல்லாமக் கொள்ளாம ஆன் பண்ணிட்டாரும்மா" என்றாய். கல்யாண வீட்டாரிடமும் அதையே சொன்னாய். போலீஸ்காரர்களிடமும் அதையே இந்தியில் சொன்னாய். அவனுக்கு இந்தி தெரியாது. வண்டியில் படுத்துக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல், "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே, புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தானாம். உங்களோடு வந்த லோடு லாரி டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார். அவனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நான் போனேன். முகத்தில் பாதி கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே திட்டினேன். "ஒனக்கு எதுக்குலே அந்தப் பெட்டி? வந்தமா கூட நின்னமான்னு இருக்க வேண்டியதுதான?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நீ பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு நின்றாய். அவன் இருக்கிற ஒரு கண்ணால் உன்னைப் பார்த்தான். "விடுக்கா, கெட்ட நேரம்" என்றான்.

ஆக, உன் வீடியோவைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பெட்டியை அடுப்புகிட்ட 'வச்சுச் சூடாக்கியிருக்காங்க' என்றாய். யார் வைத்தார்கள்? நீ வைத்தாய். நானே வைத்தேன் என்று பெருமையாக என்னிடம் சொன்ன உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. சரி, அதில் ஒரு பொய் என்றால் மிச்சத்தில் எத்தனையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கைதட்டுப் படத்தைப் போடாமல் போனை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

உன் மாமா வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தான். கண் போனபிறகு அங்கே இருக்கிற கொஞ்ச மானாவாரி நிலத்தைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறான். அத்தை தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போயிருந்தாள். நான் போய் நின்றது அவனுடைய கண் போன பக்கம், அதனால் கொஞ்ச நேரம் என்னைத் தெரியவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. "சாவி யார் கையிலலே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எந்தச் சாவி?"

"நடிக்காத. பெட்டிச் சாவி."

சோளத்தைக் காலால் துழாவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "அவன்தான்க்கா போட்டான். டெஸ்ட் பண்றேன்னான். பெட்டில ஒண்ணுமே தெரியல, கருப்பா இருந்துச்சு. 'கரண்டே வரல மாமா, வயரு லூசா இருக்கும், குழாய்கிட்டப் போயி நல்லா அழுத்தி விடுங்க'ன்னான். 'சாவிய உருவிட்டியாய்யா?'ன்னு கேட்டேன். 'அதான் கரண்டே இல்லைங்கிறேன்ல, சும்மா போங்க மாமா, நேரமாகுது'ன்னான். போனேன். வயர அமுக்குனேன், வெடி கெளம்பி மூஞ்சில அடிச்சுருச்சு. அம்புட்டுத்தான்."

"இத ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி? போன கண்ணு வரவா போகுது? அவனுக்கு அப்பத்தான் வெளிநாட்டு வேலைக்குப் பேசிக்கிட்டு இருந்தாக. கேஸு கீஸுன்னு அவன் பேரு ஏறிருச்சுன்னா விசா குடுப்பானா? எனக்கு என்ன, நான் எங்க போகப் போறேன்?"

இதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உன்மேல் மட்டும் இல்லை, அவன்மேலும், எங்கள் எல்லார்மேலும். உனக்கு நினைவிருக்குமா தெரியாது. நீ நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போது அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, ஒரு திருகாணியைக்கூடத் திரும்ப மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். அப்பா பிரம்பை எடுத்ததும், "மாமாதான்" என்றாய். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சோற்றோடு, "ஆமா மச்சான், நான்தான் பிரிச்சேன்" என்றான். அன்றைக்குச் சாப்பிட வரும்வரை ஒரு வாரமாக அவன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அது வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கண்ணாடித் தம்ளர் உடைந்தால் மாமா, வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் மாமா, நீ பரீட்சையில் பெயிலானால் கூட மாமா. ஒவ்வொரு தடவையும் அவன் ஆமாம் என்று தலையாட்டுவான், நீ அவன் தோளில் ஏறிக்கொள்வாய், நாங்கள் சிரிப்போம். அவனுக்கு உன்மேல் இருந்தது பாசம். உனக்கு அது வசதியாகப் போனது. பிள்ளைகள் வளர்ந்தால் இதெல்லாம் உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

சரி, அவனே பொறுத்துக்கொண்ட பிறகு இவள் ஏன் ஊரைக் கூட்டுகிறாள் என்று நீ நினைப்பாய். உன் அப்பாவும் போனில் அதைத்தான் சொல்கிறார். "புள்ள கண்காணாத தூரத்துல குளிர்ல கெடக்கான், இப்ப போயி நீ எதையாவது எழுதி அவன் வேலைக்கு ஒல வச்சிராத" என்கிறார். உன் வேலை போய்விடுமோ என்று அவருக்குப் பயம். போன வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், அவரும் படிக்கட்டும். விபத்துக்குப் பிறகு உன் மாமாவை எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. ஒற்றைக் கண் என்பதற்காக இல்லை. ஒற்றைக் கண்ணோடு இந்த ஊரில் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். 'கேட்காமல் ஸ்விட்சைப் போட்டவன்' என்று பேராகிவிட்டது. ஃபோர்மேன் என்பவனை நம்பித்தான் ஒரு முதலாளி அத்தனை பெண்களை மருந்து அறைக்குள் உட்கார வைக்கிறார். நம் கடையில் வந்து இரு என்று நான் கெஞ்சினேன். "எனக்கு வேல வேணும்க்கா. அக்கா வீட்ல ஓரமா ஒக்காந்து காப்பி குடிக்கிறதுக்குப் பேரு வேலையா?" என்று கேட்டுவிட்டு வரமாட்டேன் என்றான்.

அப்படி இருந்தவனுக்கு இந்த மார்கழியில்தான் ஒரு வழி பிறந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு முதலாளி, பழைய பழக்கம், "அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு. ஒங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியும். தை பெறக்கட்டும், நல்ல நாள் பாத்து வந்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். உன் மாமா புதுக் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தான், பருத்தித் துணியில். அந்த நேரம் பார்த்து உன் வீடியோ ஊருக்குள் வந்தது. பேர் சொல்லவில்லை என்று நீ சமாதானம் சொல்வாய். மலை ஊரில் கல்யாண ஷோவில் கண்ணைத் தொலைத்தவர்கள் சிவகாசியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். "வீடியோவுல ஒங்களத்தான சொல்றாப்ல? சொந்த மருமகனே விவரம் இல்லாத ஆளுன்னு சொன்னபெறகு, நாளைக்கு ஒண்ணுன்னா என்னயத்தான கேப்பாக. தப்பா எடுத்துக்கிடாதீக" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் உன்னை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். தைத்த சட்டை இன்னும் டெய்லரிடமே கிடக்கிறது. போய் வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறான்.

அம்மா ஏதாவது புத்தி சொன்னால் நீ கேட்டுக்கொள்கிற வயசு தாண்டிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். அங்கே உன் வாணவேடிக்கைக் கம்பெனியில் புதுசாகச் சேருகிறவர்களுக்கு நீதான் இப்போது சொல்லிக்கொடுக்கிறாயாம். அவர்களிடம் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல், காத்திருக்கச் சொல், எல்லாம் சொல். அதோடு சேர்த்து, பெட்டி கறுப்பாகத் தெரிந்தால் அதில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒரு ஆளைக் குழாய்ப் பக்கம் அனுப்பாதே என்றும் சொல். சாவி உன் கையில் இருக்கிறதா என்று ஒரு வயசாளி கேட்டால், நேரமாகிறது என்று அவர் வாயை அடைக்காதே என்றும் சொல். ஈரத்தால் கெட்டது பெட்டி. கண் போனது நீ சாவியை உருவாததால். இந்த இரண்டாவதை உன் வீடியோவில் நான் எவ்வளவு தேடியும் காணவில்லை. பேட்டரிக்குக் குளிர் பட்டால் என்ன ஆகும் என்று அத்தனை கவலைப்படத் தெரிந்த உனக்கு, ஒரு மனுஷன் இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பது ஒன்றுமே செய்யவில்லையா? ஊரைவிட்டுப் போகும்போது எல்லார் வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளப் போனாய். காரியாபட்டியில் இருக்கிற உன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குக் கூடப் போனாய். வெம்பக்கோட்டைக்கு மட்டும் நேரமில்லை என்றாய். அப்போது எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. உன்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது இப்போது புரிகிறது. அந்த அளவுக்காவது உனக்குள் ஏதோ இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு புரியவில்லை என்று சொல்லக் கூடாது. இன்னொரு வீடியோ போடு. அதே கோட்டைப் போட்டுக்கொள், அதே ஜன்னல் பக்கத்தில் உட்கார். பெட்டியை அடுப்புகிட்ட வைத்தது நான், சாவியைப் போட்டது நான், சாவியை உருவினாயா என்று கேட்டவரை வாயடைத்து அனுப்பியது நான், அவர் பெயர் பால்பாண்டி, நாரணாபுரத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், அவர்மேல் தப்பில்லை என்று சொல். முந்தைய வீடியோ எத்தனை குரூப்புக்குப் போனதோ அத்தனை குரூப்புக்கும் இது போக வேண்டும். அதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்தால் வரட்டும். ஊருக்கு வா, கடை இருக்கிறது. நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்குச் சோறு போடாமல் விட்டுவிட மாட்டேன். ஆனால் உன்னைப் பார்த்துச் சிரிக்க முடியுமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வெம்பக்கோட்டைக்குப் போனவள் நான் இன்னும் வீடு திரும்பவில்லை. உன் மாமா வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று அவன் என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். இப்போது சோளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாமல்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். படித்ததும் என்னோடு சண்டைக்கு வருவான், வரட்டும். குரூப்பில் உன் வீடியோவுக்குக் கைதட்டியவர்கள் வரிசையை நேற்று மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் ஆள் அவன்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒனக்குச் சூடு சொரணை இல்லையாலே? இதுக்குப் போயி கையத் தட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"மொதல்லயே தட்டிட்டேன்க்கா, புள்ள நல்லாப் பேசுறானேன்னு. கடைசில என்னையப் பத்தி வந்ததும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். எங்கயாச்சும் மாமான்னு சொல்லுவான்னு பாத்தேன். பளிய எம்மேல போட்டுட்டுப் போறான், போகட்டும். 'எங்க மாமா ஒருத்தரு'ன்னு சொல்லியிருக்கலாம்ல. யாரோ ஒரு ஹெல்பர்ங்கான்" என்று சொல்லிவிட்டு, அழுகையை மறைக்க எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

இதைப் போட்டு முடித்ததும் என் போனை அவனிடம் கொடுக்கப் போகிறேன். இனி இது அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். நீ எப்போது கூப்பிட்டாலும் அவன்தான் எடுப்பான். என்னோடு பேச வேண்டும் என்றால் முதலில் அவனோடு பேசியாக வேண்டும். அவன் ஹலோ என்றதும் அவனை என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாய் என்று யோசித்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்து.

அம்மா